அட்ஜஸ்ட் ஆகாத வளையம்

பெங்களூரில் பழைய லென்ஸ் வாங்க ஆசைப்படுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிக்பேட்டைப் பக்கம் போவார்கள். அவென்யூ ரோடு, பி.வி.கே. அய்யங்கார் சாலை வட்டாரத்தில், ஷட்டர் இறக்கிய கடைகளுக்கு முன்னால் தார்ப்பாய் விரித்து சண்டே பஜார் நடக்கும். டயல் போன், பித்தளைப் பூட்டு, ஓடாத கைக்கடிகாரம், அவற்றுக்கு நடுவே மூடியில்லாமல் கிடக்கும் இரண்டு மூன்று லென்ஸ்கள். கண்ணாடி சுத்தமாக இருக்கும், விலையும் படியும். கையோடு கொண்டுபோன கேமராவில் வைத்துத் திருப்பினால் மட்டும் பாதியில் நிற்கும். "ஏறும் சார், கொஞ்சம் அழுத்தித் திருப்புங்க" என்பார் கடைக்காரர். பக்கத்தில் நிற்பவர் கன்னடத்தில் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று சொல்லிச் சிரிப்பார். பஸ் சீட் முதல் வீட்டு வாடகை வரை இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் செல்லுபடியாகிற மந்திரம் அது. லென்ஸ் மவுண்ட் மட்டும் அதற்குப் படியாது.

இந்த விஷயத்தில் என் கட்சி இதுதான்: ஏறமாட்டேன் என்று அடம்பிடிக்கும் லென்ஸால் பெரிய ஆபத்து இல்லை. ஏறக்கூடாத இடத்தில் ஏறிவிட்ட லென்ஸ்தான் கேமரா பாடியைக் காலி செய்யும். பாதியில் நிற்கும் லென்ஸ்களில் பலவற்றை வேண்டுமென்றே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். எங்கே நிற்கிறது, எதனால் நிற்கிறது என்று பார்க்காமல் மணிக்கட்டின் பலத்தைக் காட்டினால் நஷ்டம் நமக்குத்தான்.

மவுண்டில் வெளியே தெரிவது ஓர் உலோக வளையமும் 'க்ளிக்' என்ற சத்தமும்தான். அந்த வளையம் ஒரே நேரத்தில் நான்கு வேலை பார்க்கிறது. லென்ஸின் எடையைத் தாங்குவது ஒன்று. கோணாமல் நேராக உட்கார வைப்பது இரண்டு. அப்பர்ச்சரும் ஆட்டோஃபோகஸும் இயங்கத் தேவையான நெம்புகோல்களையோ மின்தொடர்புகளையோ இணைப்பது மூன்று. நான்காவது வேலை கண்ணுக்கே தெரியாது: லென்ஸ் பாடியில் உட்காரும் முகத்துக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரத்தை இம்மி பிசகாமல் காப்பது. இதை ஃபிளாஞ்ச் தூரம் என்பார்கள். கேனான் ஈ.எஃப் மவுண்டில் இது 44 மில்லிமீட்டர், நிக்கான் எஃப் மவுண்டில் 46.5, பென்டாக்ஸ் கே மவுண்டில் 45.46, பழைய கேனான் எஃப்.டி.யில் 42. எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் பார்வைக்கு எல்லா லென்ஸும் ஒரே சாயலில் இருக்கும். குழப்பம் தொடங்குவதும் இங்கேதான்.

இந்தத் தூரம் கொஞ்சம் கூடினால் என்ன ஆகும்? நியூட்டன் பெயரில் வழங்கும் எளிய சூத்திரம் ஒன்று இதைச் சொல்லிவிடும். லென்ஸின் குவியத் தூரத்தை அதே எண்ணால் பெருக்கி, கூடிப்போன தூரத்தால் வகுத்தால் போதும். இன்ஃபினிட்டியில் வைத்த லென்ஸ் உண்மையில் எந்தத் தொலைவில் ஃபோகஸ் ஆகிறது என்று தெரியும். 50 மி.மீ. லென்ஸை எடுத்துக்கொள்வோம். 50 பெருக்கல் 50 என்றால் 2,500. ஃபிளாஞ்ச் தூரம் 0.05 மி.மீ. கூடிவிட்டது என்று வைத்தால், 2,500-ஐ அதனால் வகுக்க 50,000 மி.மீ., அதாவது 50 மீட்டர் வரும். சாதாரண பிரிண்டிங் தாளின் தடிமனில் பாதிதான் அந்த 0.05. அதற்கே ஐம்பது மீட்டருக்கு அப்பால் உள்ளதெல்லாம் கூர்மையை இழக்கத் தொடங்கும். 24 மி.மீ. லென்ஸ் என்றால் இன்னும் மோசம்: அதே பிழைக்கு எல்லை பதினொன்றரை மீட்டராகச் சுருங்கிவிடும். பிழை 2.5 மி.மீ. என்றால், அதாவது 44 மி.மீ.க்குச் செய்த லென்ஸை 46.5 மி.மீ. தூரத்தில் வைத்தால், 50 மி.மீ. லென்ஸுக்கு ஒரு மீட்டரைத் தாண்டி எதுவும் தெளியாது. கேனான் லென்ஸை நிக்கான் எஸ்.எல்.ஆரில் மாட்ட வெறும் வளையம் மட்டும் போதாது என்பதற்கு இதுதான் காரணம். நிக்கான் லென்ஸைக் கேனானில் மாட்டுவதோ சுலபம், 2.5 மி.மீ. தடிமனுள்ள வளையம் கணக்கை நேர்செய்துவிடும்.

தூரம் குறைந்தால் தொல்லை குறைவு. லென்ஸ் இன்ஃபினிட்டியையும் தாண்டிச் சுழலும், அளவுகோலில் உள்ள எண்கள் பொய் சொல்லும், ஆனால் படம் எடுக்கலாம். மலிவான அடாப்டர் செய்பவர்கள் வளையத்தை ஒரு பொட்டு மெல்லியதாகவே கடைந்துவிடுவதன் சூட்சுமம் இது. தடித்தால் வாடிக்கையாளர் திரும்பி வருவார். மெலிந்தால் அவருக்குத் தெரியவே தெரியாது.

சந்தையில் லென்ஸைக் கையில் எடுத்ததும் பெரும்பாலோர் முன்கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து ஃபங்கஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நல்லதுதான். மாட்டுவதில் சிக்கல் என்றால் திருப்பிப் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். பாடிக்குள் நுழைந்து சுழன்று பிடித்துக்கொள்ளும் மூன்று காதுகள் அங்கே இருக்கும். மூன்றும் ஒரே அகலமாக இருக்காது, ஒரே இடைவெளியிலும் இருக்காது. ஒரே ஒரு நிலையில் மட்டும் உள்ளே போகட்டும் என்றுதான் அப்படி வெட்டியிருக்கிறார்கள். லென்ஸில் ஒரு புள்ளி, பாடியில் ஒரு புள்ளி. இரண்டும் நேருக்கு நேர் வந்தால் லென்ஸ் தன் எடையிலேயே உள்ளே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் திருப்பிப் பார்க்கவே கூடாது.

இறங்கிய பிறகு எந்தப் பக்கம் திருப்புவது? இதில் ஒரு வேடிக்கை உண்டு. கேமராவை முன்னாலிருந்து பார்க்கும்போது கேனான், பென்டாக்ஸ், சோனி லென்ஸ்கள் கடிகார முள் சுற்றும் திசையில் பூட்டும். நிக்கான் நேரெதிர்த் திசை. கேனானில் பழகிய கை முதன்முதலாக நிக்கானைத் தொட்டால் தவறான பக்கம்தான் முறுக்கும். 'மவுண்ட் கெட்டுப்போச்சு' என்று கடைக்கு வருகிற சில கேமராக்களில் ரிப்பேர் எதுவுமே இருக்காது.

புள்ளியின் வடிவத்துக்கும் பொருள் உண்டு. கேனான் ஈ.எஃப் லென்ஸில் சிவப்பு வட்டம், ஈ.எஃப்-எஸ் லென்ஸில் வெள்ளைச் சதுரம். ஈ.எஃப்-எஸ் ரகம் 2003-இல் சிறிய சென்சார் கேமராக்களுக்காக வந்தது. அதன் பின்பகுதி பாடிக்குள் அதிகமாக நீளும். முழுச்சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவுக்குள் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி பெரிது. மேலே எழும்போது அந்தப் பின்பகுதியில் மோதிவிடும். அதனால்தான் ஈ.எஃப்-எஸ் லென்ஸின் பின்னால் ஒரு ரப்பர் வளையத்தை வைத்து, முழுச்சட்டப் பாடியில் ஏறவே முடியாதபடி செய்தார்கள். இந்த வளையத்தைக் கழற்றிவிட்டு மாட்டிப் பார்க்கும் சாகசக்காரர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். சில ஜூம் நிலைகளில் தப்பிப்பார்கள். ஒரு நாள் கண்ணாடி உடையும். பழைய லென்ஸில் அந்த ரப்பர் இல்லாமலோ பின்பகுதி அரத்தால் ராவப்பட்டோ இருந்தால், முந்தைய சொந்தக்காரர் யார் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

நிக்கான் கதை இதைவிட நுட்பமானது. 1959-இல் நிக்கான் எஃப் கேமராவோடு வந்த மவுண்டை அந்த நிறுவனம் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர் காலம் முழுக்க மாற்றவே இல்லை. அறுபதுகளில் செய்த லென்ஸின் காதுகளும் 2015-இல் வந்த பாடியின் பள்ளங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தும். நிக்கான் ரசிகர்கள் மார்தட்டிக்கொள்ளும் விஷயம். கண்ணி ஒளிந்திருப்பதும் இதே இடத்தில்தான். 1977-இல் நிறுவனம், லென்ஸில் என்ன அப்பர்ச்சர் வைத்திருக்கிறோம் என்பதைப் பாடிக்குச் சொல்லும் முறையை மாற்றியது. புதிய பாடிகளில் மவுண்டைச் சுற்றி ஒரு சிறு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். லென்ஸின் அப்பர்ச்சர் வளையத்தில் உள்ள படி அதைத் தள்ளும். ஏ.ஐ. முறை என்று பெயர். அதற்கு முந்தைய லென்ஸ்களில் வளையத்தின் விளிம்பு முழுச்சுற்றும் ஒரே உயரமாக இருக்கும். அத்தகைய லென்ஸை டி700, டி7000 போன்ற பாடிகளில் அழுத்தித் திருப்பினால் விளிம்பு அந்த நாக்கின் மேலேயே ஏறி நசுக்கும். காதுகள் பொருந்துகின்றன, புள்ளிகள் சந்திக்கின்றன, லென்ஸும் உள்ளே இறங்குகிறது. கடைசியில்தான் இறுக்கம் தெரியும். அந்தக் கடைசி இறுக்கத்தை வென்றுவிட்டால் நாக்கு உடைந்தது என்று பொருள்.

இதில் ஒரு தமாஷ்: டி3100, டி5100 மாதிரி விலை குறைந்த பாடிகளில் செலவைக் குறைக்க அந்த நாக்கையே வைக்கவில்லை. அதனால் அறுபதுகளின் லென்ஸ் அவற்றில் அலுங்காமல் ஏறும். மீட்டர் வேலை செய்யாது. வெளிச்சத்தை நாமே கணித்துக்கொள்ள வேண்டும். லட்ச ரூபாய் பாடி மறுக்கும் லென்ஸைக் காலேஜ் மாணவனின் பழைய பாடி ஏற்றுக்கொள்கிறது. 2013-இல் வந்த டி.எஃப். பாடியில் மட்டும் நாக்கை மடக்கி வைக்கும் வசதி கொடுத்தார்கள். பழைய லென்ஸை அடையாளம் காண்பது கடினமில்லை: அப்பர்ச்சர் வளையத்தின் பின்விளிம்பைக் கண்மட்டத்தில் பிடித்துச் சுற்றிப் பார்த்தால், ஏ.ஐ. லென்ஸில் விளிம்பின் ஒரு பகுதி பள்ளமாகத் தாழ்ந்திருக்கும். பழையதில் எங்கும் தாழாது. கைதேர்ந்த மெக்கானிக் அந்த விளிம்பில் உரிய இடத்தை மட்டும் ராவி எடுத்து லென்ஸை ஏ.ஐ. ஆக்கிவிடுவார். நிக்கானே ஒரு காலத்தில் அந்த வேலையைச் செய்து கொடுத்தது.

பழைய கேனான் எஃப்.டி. லென்ஸ் இன்னொரு விதத்தில் ஏமாற்றும். 1971-இல் வந்த முதல் எஃப்.டி. லென்ஸ்களில் லென்ஸ் சுழலாது, பின்னால் உள்ள வெள்ளி நிற வளையம் மட்டும் சுழன்று பாடியைப் பற்றும். பாடியோடு சேர்ந்தால்தான் உள்ளிருக்கும் சிறு ஊசி அழுந்தி வளையம் நகரும். யாராவது கையில் வைத்து நோண்டியதில் வளையம் தப்பான நிலையில் நின்றுவிட்டால் லென்ஸ் எந்த எஃப்.டி. பாடியிலும் ஏறாது. ஊசியை அழுத்தி வளையத்தைச் சிவப்புப் புள்ளிக்குத் திருப்பினால் சரியாகிவிடும். தெரியாதவர்கள் 'ஜாம்' என்று பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள், தெரிந்தவர்களுக்கு யோகம்.

காதுகள் இல்லாமல் மரையோடு வரும் லென்ஸ்கள் தனி உலகம். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான், ஏனென்றால் இங்கே பொய் சொல்ல இடமே இல்லை. 1949-இல் கிழக்கு ஜெர்மனியின் கான்டாக்ஸ் எஸ் கேமராவோடு வந்த எம்42 மரை பின்னர் பிராக்டிகா, பென்டாக்ஸ், ஜெனித் என்று பரவியது. விட்டம் 42 மி.மீ., ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. முன்னேறும். பழைய சூப்பர் டகுமார், ஹீலியோஸ் லென்ஸ்கள் எல்லாம் இந்த ரகம். அடுத்து, டாம்ரான் நிறுவனம் 1957-இல் தொடங்கிவைத்த டி-மவுண்ட். இன்று புழங்கும் வடிவத்துக்கும் விட்டம் அதே 42 மி.மீ.தான். ஆனால் ஒரு சுற்றுக்கு 0.75 மி.மீ. மட்டுமே முன்னேறும். கேமராவை டெலஸ்கோப்பில் இணைக்கும் வளையமும் 500 மி.மீ. கண்ணாடி (மிரர்) லென்ஸ்களின் வளையமும் பெரும்பாலும் இதுதான்.

இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. ஒன்றை மற்றதில் வைத்துத் திருப்பினால் முதல் அரைச் சுற்று வெண்ணெய் மாதிரி போகும். ஒரு சுற்று முடிவதற்குள் கை கனக்கும். விட்டுவிட்டுப் பார்த்தால் லென்ஸ் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு சுற்றுக்கு கால் மில்லிமீட்டர் வேறுபாடு இருப்பதால் மரையின் பல்லும் பள்ளமும் சந்திக்க முடியாமல் ஒன்றையொன்று அரைக்கத் தொடங்குகின்றன. வளையம் அலுமினியம், லென்ஸ் பித்தளை என்றால் தோற்பது அலுமினியம். கழற்றிய பிறகு மரையின் தொடக்கத்தில் பளபளவென்று வெள்ளிக்கோடும் விரலில் கறுப்புத் தூளும் ஒட்டும். அத்தோடு நிறுத்தினால் பிழைத்தோம்.

லைகாவின் 39 மி.மீ. மரையில் இந்த வேறுபாடு இன்னும் பொடியானது. லைகா மரை மில்லிமீட்டர் கணக்கில் இல்லை. ஓர் அங்குலத்துக்கு 26 மரை. பிரிட்டனின் விட்வொர்த் மரபில் வந்த அளவு அது. அங்குலத்தை 26-ஆல் வகுத்தால் 0.977 மி.மீ. சோவியத் தயாரிப்பான ஃபெட், ஜோர்கி லென்ஸ்கள் பலவற்றில் அதே விட்டம், ஆனால் 1 மி.மீ. மரை. ஒரு சுற்றுக்கு 0.023 மி.மீ. பேதம் ஒன்றுமில்லைதான். நான்கு சுற்றில் 0.09 ஆகச் சேரும்போதுதான் பிடிக்கத் தொடங்கும். பல 'ரஷ்ய லென்ஸ்'கள் ஜெர்மன் பாடியில் கடைசி வரை போய் அங்கே கொஞ்சம் முரண்டு பிடிப்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

இதைத் தீர்க்க ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். இயந்திரக் கருவிகள் செய்த எச்.எம்.டி. நிறுவனம் 1953-இல் பிறந்த ஊர் பெங்களூரு. இங்குள்ள பீன்யா தொழிற்பேட்டையில் எந்த லேத் பட்டறைக்குள் நுழைந்தாலும் சீப்பு மாதிரி பற்கள் வெட்டிய தகடுகள் கொத்தாகத் தொங்கும் மரை கேஜ் ஒன்று இருக்கும். 0.75 என்று குறித்த தகட்டை மரைமேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இடுக்கில் ஒளி தெரிகிறதா இல்லையா என்பதே விடை. கேஜ் இல்லாவிட்டால் ஸ்கேல் போதும்: எட்டு மரை எட்டு மில்லிமீட்டர் இருந்தால் எம்42, ஆறு மில்லிமீட்டர் இருந்தால் டி.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எலெக்ட்ரானிக்ஸ் வாங்கும் இளைஞர்களுக்கு இதே பிரச்சினை வேறு பெயரில் வரும். சி மவுண்ட் 1920-களின் 16 மி.மீ. சினிமா கேமராக்களிலிருந்து வந்தது: ஓர் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 32 மரை, ஃபிளாஞ்ச் தூரம் 17.526 மி.மீ. சிசிடிவி காலத்தில் பிறந்த சி.எஸ். மவுண்டில் மரை அச்சு அசல் அதேதான், தூரம் மட்டும் 5 மி.மீ. குறைவு. இங்கே மரை எச்சரிக்கவே எச்சரிக்காது. லென்ஸ் ஜம்மென்று ஏறும், படம் மட்டும் தெளியாது. 2020-இல் வந்த ராஸ்பெர்ரி பை எச்.கியூ. கேமராவோடு ஒரு 5 மி.மீ. வளையம் சேர்ந்தே வரும். பெட்டியில் கிடக்கும் அந்த வளையத்தை உதிரி என்று ஒதுக்கிவிட்டு, லென்ஸைக் குறைசொல்பவர்கள் உண்டு. சி லென்ஸுக்கு வளையம் வேண்டும், சி.எஸ். லென்ஸுக்கு வேண்டாம். சி.எஸ். லென்ஸை சி கேமராவில் போட்டால் எந்த வளையமும் காப்பாற்றாது, 5 மி.மீ. ஏற்கெனவே கூடிவிட்டது.

இனி, சரியான லென்ஸ், சரியான பாடி, ஆனாலும் ஒழுங்காக உட்காரவில்லை என்றால்? அப்போது யாரோ திறந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். சென்னையிலிருந்தோ மங்களூரிலிருந்தோ வரும் லென்ஸ்களில் ஈரப்பதத்தால் ஃபங்கஸ் பிடித்திருக்கும். துடைக்கப் பிரித்து மூடியிருப்பார்கள். பின்வளையத்தின் திருகுகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். நட்சத்திரக் குழியின் ஓரங்கள் சிதைந்து வெள்ளையாகத் தேய்ந்திருந்தால் சாட்சி கிடைத்துவிட்டது. ஜப்பானிய லென்ஸ்களில் இருப்பது ஜே.ஐ.எஸ். திருகு, பார்வைக்கு ஃபிலிப்ஸ் மாதிரியே இருக்கும். ஃபிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதன் குழியில் முழுதாக இறங்காமல் வழுக்கி ஓரத்தைக் கடிக்கும். ஒரு திருகு மட்டம் தாண்டி முடியளவு எழும்பி நின்றாலும் லென்ஸ் பாடியோடு முழுதாகச் சேராது. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டால் படத்தின் இடப்பக்கம் தெளிவாகவும் வலப்பக்கம் மங்கலாகவும் வரும்.

பின்வளையத்தின் அடியில் பித்தளையில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். தொழிற்சாலையில் ஒவ்வொரு லென்ஸையும் அளந்து, அதற்கேற்ற தடிமனில் வைத்தவை அவை. பிரித்தவர் ஒன்றை மேஜையிலேயே விட்டுவிட்டார் என்றால், அல்லது 'லூஸாக இருக்கே' என்று கூடுதலாக ஒன்றைச் செருகிவிட்டார் என்றால், முன்னால் போட்ட 0.05 மி.மீ. கணக்கு திரும்ப வந்து நிற்கும்.

தகடு செருகிச் சமாளித்ததன் உச்சக்கட்ட உதாரணம் விண்வெளியில் இருக்கிறது. 1990 ஏப்ரலில் ஏவிய ஹப்பிள் தொலைநோக்கி மங்கலான படங்களை அனுப்பியதும் விசாரணைக் குழு போட்டார்கள். 2.4 மீட்டர் கண்ணாடியைத் தேய்க்கும்போது அதன் வடிவத்தைச் சோதித்த கருவிக்குள் ஒரு சிறு லென்ஸ் 1.3 மி.மீ. தள்ளி உட்கார்ந்திருந்தது. தூரத்தை அளந்த லேசர் ஒளி, அளவுகோலின் முனையில் படாமல் அதன் மூடியின் மேல் பட்டுத் திரும்பியதுதான் காரணம். மூடியின் கறுப்புப் பூச்சு கொஞ்சம் உதிர்ந்திருந்தது. அளவு சொன்ன இடத்துக்கு லென்ஸைக் கொண்டுவர முயன்றபோது தாங்கியின் திருகுகள் எட்டவில்லை. ஏன் எட்டவில்லை என்று யாரும் கேட்கவில்லை. சாதாரண வாஷர்களைச் செருகி எட்ட வைத்தார்கள். வேறு சோதனைக் கருவிகள் பிழையைக் காட்டியபோது அந்தக் கருவிகள்தான் தவறு என்று ஒதுக்கினார்கள். கண்ணாடியின் விளிம்பு தலைமுடியின் தடிமனில் சிறு பங்கே ஆன 2.2 மைக்ரான் அளவுக்குத் தட்டையாகிப்போனது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்த வேண்டியிருந்தது. அமெரிக்காவிலும் ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடியிருக்கிறார்கள்.

கீழே விழுந்த லென்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உலோகக் காது வளைந்திருந்தால் நிமிர்த்தலாம், ஆனால் மட்டம் திரும்புவது கடினம். 18-55 போன்ற கிட் லென்ஸ்களில் மவுண்ட் பிளாஸ்டிக். காது உடைந்திருந்தால் பசை வைக்கக் கூடாது, பின்வளையத்தையே மாற்ற வேண்டும். பல நேரம் அந்தக் கூலிக்கு இன்னொரு லென்ஸே கிடைக்கும். லென்ஸ் ஒழுங்காக ஏறி, பாடி மட்டும் பிழை என்று கத்தினால் தங்கமுலாம் பூசிய தொடர்புப் புள்ளிகளைப் பருத்தியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்க வேண்டும். நிக்கான் டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் பழைய ஏ.எஃப்-டி லென்ஸ் ஏறும், ஆட்டோஃபோகஸ் ஓடாது. அந்த லென்ஸை இயக்கும் மோட்டார் பாடிக்குள் இல்லை. இது ரிப்பேர் அல்ல.

பழைய லென்ஸ்களுக்குக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் திடீர் மவுசு வந்ததும் ஃபிளாஞ்ச் தூரத்தால்தான். எஸ்.எல்.ஆர் பாடிக்குள் கண்ணாடி எழுந்து விழ இடம் வேண்டும். அதனால் முழுச்சட்ட எஸ்.எல்.ஆர்களில் தூரம் 40 மி.மீ.க்குக் கீழே போவதில்லை. கண்ணாடியைத் தூக்கி எறிந்த மிரர்லெஸ் கேமராக்களில் அது 20 மி.மீ. அளவுக்கு இறங்கிவிட்டது: 2008-இல் வந்த மைக்ரோ ஃபோர் தர்ட்ஸில் 19.25, 2010-இல் சோனி ஈ மவுண்டில் 18, 2018-இல் நிக்கான் இசட் மவுண்டில் 16. மிச்சமுள்ள இடத்தை வெற்றுக் குழாயால் நிரப்பினால் உலகத்தின் ஏறக்குறைய எந்த எஸ்.எல்.ஆர் லென்ஸும் மாட்டும். கேனான் தானே 1987-இல் கைவிட்ட எஃப்.டி. லென்ஸ்களுக்கு இருபது ஆண்டுகள் கழித்து மறுவாழ்வு கிடைத்தது இப்படித்தான்.

வேறு வேறு கம்பெனிப் பாகங்களை ஒட்டவைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) ஒரு கம்பெனியின் பாடியையும் இன்னொன்றின் டெலி லென்ஸையும் மற்ற உதிரிகளையும் தன் கையாலேயே இணைத்து, 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்குப் பெயரும் சூட்டி, காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அந்த ஒட்டுக் கருவியைப் பார்த்துவிட்டு சக இயற்கையியலாளர் இ.பி. ஜீ வியந்தும் கிண்டலாகவும் எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட கருவியில் அழகு, பளபளப்பு எதுவும் தேவையில்லை. ஒரே ஒரு தூரம் சரியாக இருந்தால் படம் கூர்மையாக விழும்.

அந்தத் தூரம் சரியா என்று பார்க்க நிலா போதும். லென்ஸை இன்ஃபினிட்டிக் குறியில் வைத்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, திரையில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். குறியில் வைத்தும் நிலாவின் விளிம்பு கரைந்து நின்று, எப்படித் திருப்பியும் தெளியாவிட்டால் லென்ஸ் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் திருப்பிக் கிட்டக் கொண்டுவந்தால் கூர்மையானது என்றால் நெருங்கி உட்கார்ந்திருக்கிறது, சும்மா விட்டுவிடலாம்.

கடைசியாக ஒன்று, ஏறியது இறங்க மறுக்கும் சமாச்சாரம். மரை அடாப்டர் சிக்கிக்கொண்டால் 'ஃபிரிட்ஜில் வை, சுருங்கும்' என்று யோசனை சொல்வார்கள். 42 மி.மீ. அலுமினிய வளையம் 30 டிகிரி குளிர்ந்தால் சுமார் 0.03 மி.மீ. சுருங்கும், உள்ளே இருக்கும் பித்தளையும் கூடவே 0.024 சுருங்கும். இரண்டுக்கும் இடையே கிடைக்கும் வித்தியாசம் 0.005 மி.மீ. போல. வளையம் வெளியே இருப்பதால் அந்தத் துளியும் இறுக்கத்தைக் கூட்டவே செய்யும், போதாக்குறைக்குக் கண்ணாடிக்குள் வியர்வை பூக்கும். ஃபோகஸ் வளையத்தைப் பிடித்து முறுக்கவும் கூடாது; உள்ளேயிருக்கும் ஹெலிகாய்டு மரைதான் பாதிக்கப்படும். அடாப்டரின் பக்கவாட்டில் மூன்று பொடித் திருகுகள் இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றைத் தளர்த்தினால் உள்வளையம் லென்ஸோடு சேர்ந்து தனியே வந்துவிடும். பிறகு ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு நிதானமாகக் கழற்றலாம்.